கிரீன் கார்டு வரிசையில் நிற்கும்போது வேலை மாறலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருந்தபடி, கம்பெனி வழியாக கிரீன் கார்டுக்குப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். காத்திருப்பு மிக நீளமாக இருப்பது இந்தியாவில் பிறந்தவர்களுக்கு என்பதால் உதாரணங்களும் அந்தப் பக்கமே சாயும். "கார்டு கையில் வரும்வரை கம்பெனியை விட்டு நகராதே" என்று ஊரில் இருக்கும் அப்பாவும் சொல்வார், ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரும் சொல்வார். ஒரு காலத்தில் அது நல்ல அறிவுரைதான். இப்போது சில கட்டங்களில் மட்டும்தான் அது சரி. மற்ற கட்டங்களில், சட்டம் போடாத விலங்கை நாமே மாட்டிக்கொள்கிறோம்.

'கிரீன் கார்டு ப்ராசஸில் இருக்கிறது' என்கிறார்கள். அதில் எத்தனை கட்டம்?

மூன்று. முதலில் பெர்ம்: இந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று கம்பெனி தொழிலாளர் துறையிடம் காட்டுவது. அடுத்தது ஐ-140: இந்த ஆளை இந்த வேலைக்கு வைத்துக்கொள்கிறோம் என்று கம்பெனி யூஎஸ்சிஐஎஸ் என்ற குடியேற்றத் துறையிடம் போடும் மனு. கடைசியாக ஐ-485: உங்கள் முறை வந்ததும் நீங்களே போடும் கிரீன் கார்டு விண்ணப்பம். முதல் இரண்டும் கம்பெனியின் சொத்து. மூன்றாவதுதான் உங்களுடையது. வேலை மாறலாமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்பதைத்தான்.

பெர்ம் போட்ட தேதிதான் உங்கள் பிரையாரிட்டி டேட். வரிசையில் உங்களுக்குக் கிடைத்த டோக்கன் அது. அந்த டோக்கன் எப்போது உங்களுக்கே சொந்தமாகிறது என்பதில்தான் பாதி பதில் இருக்கிறது.

பெர்ம் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது மாறினால்?

அதுவரை நடந்தது அத்தனையும் போய்விடும். ஐ-140 அப்ரூவ் ஆகாமல் பிரையாரிட்டி டேட் உங்களுக்குச் சொந்தமாகாது. புதுக் கம்பெனி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்தக் காலத்தில் பெர்ம் மட்டுமே ஒரு வருஷத்துக்கு மேல் இழுக்கிறது.

எச்-1பி-யில் முதல் இரண்டு மூன்று வருஷத்தில் இருப்பவர்கள் இதற்காக ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ஐந்தாவது வருஷத்தில் இருப்பவர்கள் கணக்குப் போட்டே ஆக வேண்டும். எச்-1பி-யின் வழக்கமான வரம்பு ஆறு வருஷம். அதற்கு மேல் நீட்டிக்க, பெர்மோ ஐ-140-யோ போட்டு 365 நாள் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐ-140 அப்ரூவ் ஆகியிருக்க வேண்டும். ஐந்தரை வருஷம் முடிந்த பிறகு மாறி, புதுக் கம்பெனி ஆறு மாதம் கழித்து பெர்ம் போட்டால், ஆறாவது வருஷம் முடியும்போது கையில் எதுவும் இருக்காது. ஆஃபர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த நிலையில் மாற வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஐ-140 போட்டாயிற்று, இன்னும் அப்ரூவ் ஆகவில்லை.

பொறுங்கள். பெரும்பாலான பெர்ம் வழி கேஸ்களில் பிரீமியம் என்ற விரைவுக் கட்டணம் கட்டினால் 15 வேலை நாளில் பதில் வந்துவிடும். கம்பெனி பிரீமியம் கட்டவில்லை என்றால், நீங்கள் கட்டிக்கொள்வதாகக் கேட்டுப் பாருங்கள். 15 நாளில் தெரிந்துவிடுகிற விஷயத்துக்காகப் பல வருஷ டோக்கனைத் தொலைக்காதீர்கள்.

ஐ-140 அப்ரூவ் ஆகிவிட்டது. ஆனால் டேட் கரண்ட் ஆகவில்லை, அதாவது முறை வரவில்லை; ஐ-485 போட முடியாது. நம்மில் பெரும்பாலானவர்கள் இங்கேதானே நிற்கிறோம்?

ஆமாம், கூட்டம் இங்கேதான். வேலைவாய்ப்புப் பிரிவில் வருஷத்துக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுதான். ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு அதில் 7 சதவீதம் என்பது பொது வரம்பு. எந்த டேட் வரை முறை வந்திருக்கிறது என்று மாதாமாதம் வரும் அரசுப் பட்டியல்தான் விசா புல்லட்டின். ஈபி-2, ஈபி-3 என்பவை வேலைக்குத் தேவையான தகுதியைப் பொறுத்த பிரிவுகள். 2025 அக்டோபர் புல்லட்டினில் ஈபி-2 இந்தியா 2013 ஏப்ரல் 1-இல் நின்றது, ஈபி-3 இந்தியா 2013 ஆகஸ்ட் 22-இல். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் போட்டவர்களின் முறை அப்போதுதான் வந்துகொண்டிருந்தது.

இவ்வளவு காலம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது என்பது சட்டத்துக்கும் தெரியும். 2000 அக்டோபர் 17-இல் கிளின்டன் கையெழுத்திட்ட ஏசி-21 என்ற சட்டமும், 2017 ஜனவரி 17-இல் நடைமுறைக்கு வந்த விதிகளும் சேர்ந்து இரண்டு பாதுகாப்பைக் கொடுத்திருக்கின்றன.

ஒன்று, ஐ-140 அப்ரூவ் ஆன பிறகு பிரையாரிட்டி டேட் உங்களுடையது. பழைய கம்பெனி பிற்பாடு மனுவை வாபஸ் வாங்கினாலும் அது போகாது. மோசடி, பொய்த் தகவல், பெர்ம் ரத்து, அப்ரூவ் செய்ததிலேயே பெரிய தவறு என்பன போன்ற காரணங்களால் ரத்தானால்தான் போகும்.

இரண்டு, ஐ-140 அப்ரூவ் ஆகி 180 நாள் தாண்டிவிட்டால், கம்பெனி வாபஸ் வாங்கினாலும் அந்த மனு ரத்தாகாது. அதை வைத்தே புதுக் கம்பெனி உங்களுக்கு ஆறு வருஷத்துக்கு மேலும் எச்-1பி வாங்கலாம், அதுவும் மூன்று வருஷத்துக்கு. புதுக் கம்பெனி பெர்ம் தொடங்கியிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

180 நாளுக்கு முன் மாறினால்? டேட் தங்கும். ஆனால் கம்பெனி வாபஸ் வாங்கிவிட்டால் அந்த ஐ-140 எச்-1பி நீட்டிப்புக்கு உதவாது. ஆறு வருஷம் முடியப் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் உயிர்நாடி. நாலு மாதம் ஆகியிருக்கிறது என்றால் இன்னும் இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள்.

அப்படியானால் 180 நாள் தாண்டியவர்கள் தாராளமாக மாறலாம்?

மாறலாம். 'தாராளமாக' என்பதில்தான் ஒரு சிக்கல். அதைப் பலர் யோசிப்பதில்லை.

டேட் உங்களோடு வரும், ஆனால் வேலை வராது. ஐ-485 போட உங்களுக்கு ஒரு கம்பெனியின் ஐ-140-யும், அந்த வேலை இன்னும் காத்திருக்கிறது என்ற உறுதியும் வேண்டும். புதுக் கம்பெனி பெர்ம், ஐ-140 இரண்டையும் மறுபடி முடிக்கும்வரை உங்களிடம் டேட் மட்டும்தான் இருக்கும். அந்த இடைவெளியில் டேட் கரண்ட் ஆகிவிட்டால் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

இது அடிக்கடி நடக்காது, ஆனால் நடந்திருக்கிறது. 2020 அக்டோபரில் ஈபி-3 இந்தியாவின் ஃபைலிங் தேதி (ஐ-485 போட அனுமதிக்கும் தேதி) திடீரென்று 2015 ஜனவரி 1 வரை பாய்ந்தது. ஈபி-2-இல் இருந்தவர்கள்கூட ஓடிப்போய் ஈபி-3-இல் புது ஐ-140 போட்டு, கூடவே ஐ-485 போட்டார்கள். அதற்குச் சில மாதம் முன்னால் கம்பெனி மாறி, புது பெர்ம் முடியாமல் இருந்தவர்களால் அந்தக் கதவுக்குள் நுழைய முடியவில்லை. 2007 ஜூலையிலும் இப்படி ஒரு கூத்து நடந்தது. எல்லாருக்கும் கரண்ட் என்று புல்லட்டின் வந்தது; ஜூலை 2-ஆம் தேதி, 'இனி கார்டு இல்லை' என்றார்கள்; வெறுத்துப்போன விண்ணப்பதாரர்கள் யூஎஸ்சிஐஎஸ் இயக்குநருக்குப் பூங்கொத்துகளாக அனுப்பிக் குவித்தார்கள்; ஜூலை 17-இல் மறுபடி கதவைத் திறந்து ஆகஸ்ட் 17 வரை வாங்கிக்கொண்டார்கள்.

அதனால் என் கணக்கு இப்படி: உங்கள் டேட் 2018 என்றால் நிம்மதியாக மாறுங்கள். டேட் புல்லட்டினில் இருந்து ஒன்றிரண்டு வருஷ தூரத்தில் இருந்தால், ஐ-485 போட்டுவிட்டு மாறுவது நல்லது. நடுவில் இருப்பவர்கள், சேர்ந்த முதல் மாதமே பெர்ம் தொடங்குவதாக ஆஃபர் லெட்டரில் எழுதித் தரும் கம்பெனிக்குப் போங்கள். "ஒரு வருஷம் கழித்துப் பார்ப்போம்" என்பது எச்.ஆர். பாஷையில் அநேகமாக 'இல்லை'.

இன்னொரு வழியும் உண்டு. கிரீன் கார்டு என்பது எதிர்காலத்தில் செய்யப்போகும் வேலைக்கானது. பழைய கம்பெனி மனசு வைத்தால், நீங்கள் வேறு இடத்தில் வேலை பார்க்கும்போதே பழைய ஐ-140-ஐ வைத்து ஐ-485 போட்டுத் தரலாம். கார்டு வந்ததும் அங்கே திரும்புவதாக இரு தரப்பிலும் உண்மையான எண்ணம் இருக்க வேண்டும். வெளியே வரும்போது கதவைப் படாரென்று சாத்தாமல் வருவதில் இப்படியும் ஒரு லாபம்.

ஐ-485 போட்டு எவ்வளவு நாள் கழித்து மாறலாம்?

180 நாள். ரசீதில் இருக்கும் 'பெறப்பட்ட தேதி'யில் இருந்து காலண்டர் நாளாக எண்ணுங்கள். ஐ-485 180 நாள் நிலுவையில் இருந்து, புது வேலை பழைய வேலையை ஒத்ததாக இருந்தால், பழைய ஐ-140-ஐ வைத்தே கிரீன் கார்டு வாங்கலாம். பெர்மும் வேண்டாம், புது ஐ-140-யும் வேண்டாம். இதைத்தான் நம்மவர்கள் 'போர்ட் பண்ணுவது' என்கிறார்கள். டெக்சஸில் போட்ட வேலையை விட்டு நியூ ஜெர்சிக்குப் போனாலும் சரி. எத்தனை தடவை வேண்டுமானாலும் போர்ட் பண்ணலாம்.

ஐ-140 அப்ரூவ் ஆகியிருப்பது முக்கியம். இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஐ-140 இன்னும் நிலுவையில் இருக்கும்போது மாறவும் விதியில் இடம் உண்டு. ஆனால் அந்த மனுவில் ஆர்எஃப்இ (கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதம்) வந்தால் பழைய கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும். விட்டுப்போன ஆளுக்காக அவர்கள் ஏன் மெனக்கெட வேண்டும்?

'ஒத்த வேலை' என்பதை யார் முடிவு செய்வது? நான் டெவலப்பர், மேனேஜர் ஆஃபர் வந்திருக்கிறது.

ஐ-485-ஐப் பார்க்கும் அதிகாரிதான். வேலைகளுக்கு அமெரிக்க அரசு கொடுத்திருக்கும் எஸ்ஓசி எண், செய்யும் பணிகள், தேவைப்படும் படிப்பு, திறமை, சம்பளம் எல்லாவற்றையும் மொத்தமாகப் பார்க்கச் சொல்லி 2016 மார்ச்சில் யூஎஸ்சிஐஎஸ் வழிகாட்டுதல் கொடுத்தது. வேலையின் பட்டப்பெயர் பெரிய விஷயமே இல்லை.

எண்ணில் எவ்வளவு பொருந்துகிறதோ அவ்வளவு சுலபம். மென்பொருள் டெவலப்பர் 15-1252. டெஸ்டர் 15-1253. புரோகிராமர் 15-1251. மூன்றும் ஒரே குடும்பம், அதனால் டெஸ்டராகப் போட்டு டெவலப்பராக மாறியவர்கள் பயப்பட வேண்டியதில்லை. டேட்டா சயின்டிஸ்ட் 15-2051. அது கணிதப் பக்கம் போய்விடுகிறது. முடியாது என்பதில்லை, ஆனால் பணிகள் எப்படி ஒத்துப்போகின்றன என்று அட்டர்னி நன்றாக எழுத வேண்டும்.

மேனேஜர் என்றால் எண் 11-3021 ஆகிவிடும், முதல் இரண்டு இலக்கமே மாறுகிறது. ஆனாலும் அந்த வழிகாட்டுதல் பதவி உயர்வைத் தனியாகக் குறிப்பிடுகிறது. நீங்கள் முன்பு செய்த அதே வேலையைச் செய்கிறவர்களை மேற்பார்வையிடும் மேனேஜராகப் போனால், அது இயல்பான வளர்ச்சி என்று வாதாடலாம். டெவலப்பர் அதே டெவலப்பர் குழுவுக்கு மேனேஜர் ஆவது நியாயமாகத் தெரியும். விற்பனைக் குழுவுக்கு மேனேஜர் ஆனால் கஷ்டம்.

ஒரு சின்ன எச்சரிக்கை: 2010-களில் போட்ட பெர்ம்களில் 15-1132, 15-1133 என்ற பழைய எண்கள் இருக்கும். இப்போதைய பட்டியலில் அவை இல்லை என்று பதறாதீர்கள். இரண்டும் இன்றைய 15-1252-க்குள் வந்துவிட்டன.

சம்பளம் ரொம்ப ஏறினால் பிரச்சினையா?

ஏறுவது இயல்பு, பத்து வருஷம் ஆகிறதே. அடிமட்டத்துக்கு இறங்கினால்தான் 'இது வேறு வேலையோ' என்ற சந்தேகம் வரும்.

சப்ளிமென்ட் ஜே எப்போது போட வேண்டும்?

ஐ-485-உடன் சேர்ந்த படிவம் அது. புதுக் கம்பெனி கையெழுத்துப் போட்டு, இந்த வேலை உண்மையாகவே இருக்கிறது என்று உறுதி கொடுக்கும். கட்டணம் கிடையாது. அதிகாரி கேட்கும்வரை காத்திருக்கலாம் என்று ஒரு கட்சி, சேர்ந்ததுமே போட்டுவிட வேண்டும் என்று ஒரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. பழைய கம்பெனி ஐ-140-ஐ வாபஸ் வாங்கும்போது உங்கள் ஃபைலில் புது வேலையின் காகிதம் ஏற்கெனவே இருந்தால், தேவையில்லாத நோட்டீஸ் வரும் வாய்ப்பு குறையும்.

இதோடு இன்னொன்றையும் மறக்காதீர்கள். உங்கள் ஐ-485-இல் பதிவாகியிருக்கும் அட்டர்னி அநேகமாகப் பழைய கம்பெனியின் அட்டர்னி. யூஎஸ்சிஐஎஸ் அனுப்பும் கடிதங்கள் அவர் மேஜைக்குத்தான் போகும். புது அட்டர்னி ஜி-28 படிவம் போட்டுத் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வீடு மாறினால் 10 நாளுக்குள் முகவரியை மாற்றுங்கள். ஆர்எஃப்இ யாரோ ஒருவர் மேஜையில் தூங்கி, கெடு முடிந்து கேஸ் நிராகரிக்கப்படுவதைவிட எரிச்சலான விஷயம் கிடையாது.

ஐ-485-ஐ வைத்துக் கிடைக்கும் வேலை அனுமதி அட்டையான ஈஏடி கார்டு வந்துவிட்டது. புதுக் கம்பெனியில் ஈஏடி-யில் சேரலாமா, எச்-1பி டிரான்ஸ்ஃபர் கேட்கலாமா?

சில வருஷம் முன்பு கேட்டிருந்தால், ஈஏடி போதும் என்று பலரும் சொல்லியிருப்பார்கள். இப்போது, புதுக் கம்பெனி தயாராக இருந்தால் எச்-1பி-யை விடாதீர்கள் என்பேன்.

காரணம் இருக்கிறது. முன்பு ஈஏடி-யைப் புதுப்பிக்கப் போட்டாலே பழைய கார்டு 540 நாள் வரை தானாக நீளும். 2025 அக்டோபர் 30 முதல் போடும் புதுப்பிப்புகளுக்கு அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். கார்டு காலாவதியாகும் முன் புதியது வரவில்லை என்றால் வேலையை நிறுத்தி வீட்டில் உட்கார வேண்டும். அதோடு, ஐ-485 வைத்திருப்பவர்களுக்கு 5 வருஷமாக இருந்த ஈஏடி-யின் அதிகபட்சக் காலத்தை 2025 டிசம்பரில் 18 மாதமாகக் குறைத்தார்கள். புதுப்பிக்கும் தலைவலி இனி அடிக்கடி வரும். 180 நாள் முன்பே புதுப்பிக்கப் போடலாம், போட்டுவிடுங்கள்.

ஈஏடி-யில் வேலைக்குச் சேர்ந்தால் எச்-1பி அந்தஸ்து போய்விடும். ஐ-485 நிலுவையில் இருக்கும்வரை இங்கே இருக்கலாம், ஆனால் அது ஏதோ காரணத்தால் நிராகரிக்கப்பட்டால் காலடியில் தரை இருக்காது. எச்-1பி-யில் இருந்தவருக்கு அந்த அந்தஸ்தாவது மிஞ்சும். பயணத்திலும் வித்தியாசம் உண்டு. எச்-1பி-யில் இருப்பவர் செல்லுபடியாகும் விசாவுடன் ஊருக்குப் போய்த் திரும்பினால் ஐ-485-க்கு ஒன்றும் ஆகாது. ஈஏடி-யில் இருப்பவர் அட்வான்ஸ் பரோல் என்ற பயண அனுமதி கையில் வராமல் விமானம் ஏறினால் ஐ-485-ஐயே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று ராத்திரி போன் வரும்போதுதான் இது உறைக்கும்.

மற்றபடி எச்-1பி தர மறுக்கும் நல்ல கம்பெனி, 180 நாள் தாண்டிய சுத்தமான கேஸ் என்றால் ஈஏடி-யில் போவதும் தப்பில்லை. நிறையப் பேர் போகிறார்கள்.

நானாக மாறவில்லை, லேஆஃப் ஆகிவிட்டது.

எச்-1பி-யில் இருப்பவருக்கு 60 நாள் அவகாசம் உண்டு. தங்கும் கெடுவைக் காட்டும் ஐ-94 அதற்கு முன் முடிந்தால் அதுவரைதான். வழக்கமாகச் சம்பளம் கொடுத்த கடைசி நாளில் இருந்து எண்ணுவார்கள். மொத்தமாகக் கையில் தரும் இழப்பீட்டுத் தொகை அதை நீட்டாது. 60 நாளுக்குள் புதுக் கம்பெனி எச்-1பி மனுவைப் போட்டுவிட்டால் போதும், அப்ரூவ் ஆக வேண்டும் என்பதில்லை. மனு போய்ச் சேர்ந்ததுமே வேலையும் தொடங்கலாம்.

ஐ-485 போட்டு 180 நாள் தாண்டியவருக்கு இந்த 60 நாள் பயம் இல்லை. ஐ-485 நிலுவையே தங்கியிருக்க அனுமதி. இடையில் சில மாதம் வேலையில்லாமல் இருப்பதாலேயே கிரீன் கார்டு போகாது. முடிவெடுக்கும் நேரத்தில் ஒத்த வேலை ஒன்று கையில் இருக்க வேண்டும். அப்போது ஈஏடி தைரியமாகப் பயன்படுத்துங்கள். அதற்காகத்தானே அந்தக் கார்டு.

180 நாளுக்குள் லேஆஃப் ஆனவர்கள் நிலைமைதான் இக்கட்டு. கேஸைப் பொறுத்து வழி மாறும். அன்றைக்கே சொந்தக் காசில் ஒரு அட்டர்னியைப் பாருங்கள், கம்பெனி அட்டர்னியை அல்ல.

"நீ போனால் ஐ-140-ஐ வாபஸ் வாங்கிவிடுவோம்" என்று மிரட்டுகிறார்கள்.

வாங்கட்டும். 180 நாள் தாண்டியிருந்தால் அந்த மிரட்டலில் ஒன்றுமில்லை. பல கம்பெனிகள் யார் போனாலும் வழக்கமாகவே வாபஸ் வாங்கும், அதில் பகை எதுவும் இல்லை.

ஐ-140 காப்பி கேட்டால் தர மாட்டேன் என்கிறார்கள்.

அந்த மனு அவர்களுடையது என்பதால் தர வேண்டிய கட்டாயம் இல்லை. ரசீது எண்ணையாவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், யூஎஸ்சிஐஎஸ் தளத்தில் தகவல் அறியும் விண்ணப்பத்தை நீங்களே போடலாம், கட்டணமில்லை. வேலையை விட்ட பிறகும் போடலாம், ஆனால் புதுக் கம்பெனிக்குத் தேவைப்படும் நேரத்தில் வராது. அதனால் இப்போதே போடுங்கள்.

வெளியேறும் முன் கையில் இருக்க வேண்டியவற்றில் முக்கியமானது, நீங்கள் செய்த பணிகளையும் பயன்படுத்திய தொழில்நுட்பங்களையும் விவரமாக எழுதிய அனுபவக் கடிதம். புதுக் கம்பெனியின் பெர்முக்கு இந்த அனுபவம் தேவைப்படும். 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வேலை செய்தார்' என்ற இரண்டு வரிக் கடிதம் உதவாது. எச்.ஆர். தராவிட்டால் மேனேஜரோ உடன் வேலை செய்தவரோ எழுதிக் கொடுக்கலாம். பே ஸ்டப், டபிள்யூ-2 என்ற வருடச் சம்பளப் படிவம், யூஎஸ்சிஐஎஸ் அனுப்பிய எல்லா ஐ-797 நோட்டீஸும் சொந்த மின்னஞ்சலுக்கு வந்துவிடட்டும். கம்பெனி லேப்டாப்பைக் கொடுத்த பிறகு அதில் இருந்ததைத் தேடி அலைய முடியாது.

கிரீன் கார்டுக்குச் செலவழித்த பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்கிறார்கள்.

எதற்கான பணம் என்று பிரித்துக் கேளுங்கள். பெர்முக்கான அட்டர்னி கட்டணம், விளம்பரச் செலவு எல்லாம் கம்பெனிதான் ஏற்க வேண்டும். 2007 ஜூலை 16 முதல் அதைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்பது விதி. ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினாலும் செல்லாது. ஐ-140, ஐ-485 செலவுகளுக்கு அந்தத் தடை இல்லை, அதற்கு ஒப்பந்தம் போட்டிருந்தால் கேட்கலாம். மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லிப் பயமுறுத்தினால், பட்டியல் கேட்டாலே பாதி கரைந்துவிடும்.

என் மனைவிக்கும் ஈஏடி வந்திருக்கிறது. அவரும் ஒத்த வேலைதான் பார்க்க வேண்டுமா?

இல்லை. அந்த நிபந்தனை முதன்மை விண்ணப்பதாரருக்கு மட்டும். மனைவி டீச்சர் ஆகலாம், கடை வைக்கலாம், சும்மாவும் இருக்கலாம். ஆனால் அவர் எச்-4 என்ற துணைவர் விசாவில் இருந்து, நீங்கள் எச்-1பி-யை விட்டு ஈஏடி-க்கு மாறினால் அவருடைய எச்-4-உம் போய்விடும். அவருக்குத் தனியாக ஐ-485 போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்பே ஐ-485 போட்டவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மனைவி சிங்கப்பூரில் பிறந்தவர். அதனால் ஏதும் பயன் உண்டா?

உண்டு, பெரிய பயன். இந்த வரிசையில் குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைப் பார்க்கிறார்கள். கணவன் மனைவியில் ஒருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இலங்கையிலோ குவைத்திலோ பிறந்திருந்தால், அவர் பிறந்த நாட்டின் கணக்கில் இருவரும் போகலாம். இந்தியப் பாஸ்போர்ட்டே வைத்திருந்தாலும் சரி. நம் குடும்பங்களில் இப்படிப் பிறந்தவர்கள் நிறைய. ஆனாலும் பல பேர் அட்டர்னியிடம் சொல்வதே இல்லை, அவரும் கேட்பதில்லை. இது பொருந்தினால் பத்து வருஷக் காத்திருப்பு பெரிதும் சுருங்கும். அப்போது வேலை மாறும் திட்டத்தையே மாற்ற வேண்டியிருக்கும்: முதலில் ஐ-485, பிறகு புது வேலை.

பிள்ளைக்கு 21 வயது ஆகப் போகிறது.

அப்படியானால் சம்பளத்தைவிட அந்தத் தேதி முக்கியம். 21 ஆனால் பிள்ளை உங்கள் விண்ணப்பத்தில் இருந்து கழன்றுவிடும். ஐ-140 நிலுவையில் இருந்த நாட்களைக் கழித்துக் கணக்கிட ஒரு சட்டம் உதவுகிறது. ஆனால் 2025 ஆகஸ்ட் 15 முதல் அந்தக் கணக்கை ஃபைலிங் தேதிப் பட்டியலை வைத்துப் போடாமல், இறுதித் தேதிப் பட்டியலை (கார்டே கொடுக்கக்கூடிய தேதி) வைத்தே போடுகிறார்கள். இது பல குடும்பங்களுக்குப் பாதகம். டேட் நெருங்கும் நேரத்தில் கம்பெனி மாறி, புது பெர்ம் முடிவதற்குள் பிள்ளைக்கு 21 ஆகிவிட்டால் சரிசெய்ய வழியில்லை. இந்த ஒரு நிலையில் அப்பா சொன்ன பழைய அறிவுரையே சரி.

எச்-1பி-க்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்கிறார்களே, கம்பெனி மாறினால் கட்ட வேண்டுமா?

2025 செப்டம்பர் 21 முதல் வந்த அந்த உத்தரவு முக்கியமாக வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் போடும் புது மனுக்களுக்கானது. உள்நாட்டிலேயே சரியான அந்தஸ்தில் இருந்தபடி கம்பெனி மாறி நீட்டிப்புக் கேட்பவர்களுக்குப் பொருந்தாது என்று 2025 அக்டோபர் 20-இல் யூஎஸ்சிஐஎஸ் விளக்கியது. அந்தஸ்து விட்டுப்போயிருந்து நீட்டிப்பை மறுத்தால் கட்டணம் வந்துவிடும். லேஆஃபுக்குப் பிறகு அந்த 60 நாளைத் தாண்டவிடாதீர்கள் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

சொந்தமாகத் தொழில் தொடங்கலாமா?

ஐ-485 போட்டு 180 நாள் தாண்டி ஈஏடி இருந்தால், சட்டப்படி முடியும். வேலை ஒத்ததாக இருக்க வேண்டும், தொழில் உண்மையாக நடக்க வேண்டும். சப்ளிமென்ட் ஜே-யில் உங்கள் கம்பெனிக்காக நீங்களே கையெழுத்துப் போடும்போது அதிகாரி கூர்ந்து பார்ப்பார். வாடிக்கையாளர் ஒப்பந்தம், வரித் தாக்கல், வங்கிக் கணக்கு எல்லாம் தயாராக இருக்கட்டும். பதிவு மட்டும் செய்து பெயர்ப் பலகை மாட்டிய கம்பெனி போதாது.

ஊருக்கே திரும்பிப் போய்விட்டால் எல்லாம் வீணா?

டேட் வீணாகாது. சென்னையில் இருந்தபடியே, உங்கள் முறை வரும்போது ஒரு அமெரிக்கக் கம்பெனி வேலை தரத் தயாராக இருந்தால் தூதரகம் வழியாக கிரீன் கார்டு வாங்கலாம். பத்து வருஷம் கழித்துப் புதுக் கம்பெனி ஸ்பான்சர் செய்தாலும் பழைய டேட்டையே கேட்டு வாங்கலாம். அதனால் அந்த ஐ-140 நோட்டீஸை வீடு காலி செய்யும்போது தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கார்டு வந்த பிறகு அந்தக் கம்பெனியில் எவ்வளவு நாள் இருக்க வேண்டும்?

சட்டத்தில் நாள் கணக்கு எதுவும் இல்லை. ஆறு மாதம், ஒரு வருஷம் என்பதெல்லாம் வாய்வழி வந்தவை. கார்டு வாங்கும்போது அந்த வேலையைச் செய்யும் எண்ணம் உண்மையாக இருந்ததா என்பதுதான் கேள்வி. குடியுரிமைக்குப் போடும்போது அதிகாரி இதைக் கிளறலாம். கார்டு வந்த மறுநாளே நீங்களாக ராஜினாமா செய்வது நன்றாக இருக்காது. கம்பெனியே அனுப்பிவிட்டால் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். குடியுரிமை நேர்காணலில் கேட்டால் காட்டலாம்.